மூட்டுகள் செலுத்தும் தர்மம்

ஆதமுடைய மக்கள் ஒவ்வொருவரும் 360 மூட்டுகளைக் கொண்டு படைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று எம்பெருமானார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகியுள்ளது. கதிரவன் உதிக்கும் ஒவ்வொரு நாளிலும் அந்த மூட்டு ஒவ்வொன்றுக்காகவும் மனிதன் ஒரு தர்மம் செய்யக் கடமைப்பட்டவன் என்பது வேறு அறிவிப்புகளில் வரும் செய்தி. இறைவனைத் துதிப்பது ஒரு தர்மம். நன்மையை ஏவுவது ஒரு தர்மம். பாதையில் கிடக்கும் கல்லையும் முள்ளையும் அகற்றுவது ஒரு தர்மம். இவை அனைத்திற்கும் ஈடாக முற்பகலில் தொழும் இரண்டு ரக்அத் ளுஹாத் தொழுகை அமைந்துவிடும் என்றும் அண்ணலார் அருளியிருக்கிறார்கள்.

வாசக அன்பர்களே! இதைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். பொன்னுக்கும் வெள்ளிக்கும் ஆண்டுக்கு ஒருமுறைதான் ஸகாத். மூட்டுக்கோ அன்றாடம் தர்மம். பெட்டகத்தில் பூட்டி வைத்திருக்கும் பொன்னைவிட, நடக்கவும் குனியவும் அமரவும் எழவும் உதவும் இந்தச் சிறு பொருத்துகள் எத்துணை உயர்ந்த செல்வம் என்பதை உணர்த்த இதனினும் வேறு சான்று வேண்டுமா?

இந்த மூட்டுகளுள் மிகுந்த பாரம் சுமப்பவற்றுள் ஒன்று முழங்கால். ஐவேளைப் பர்ளுத் தொழுகையில் மட்டும் நாளொன்றுக்கு 17 ரக்அத்துகள்; 34 ஸுஜூதுகள். ஸுன்னத்தும் நபிலும் சேர்ந்தால் இன்னும் மிகும். ரமளான் இரவில் 20 ரக்அத் தராவீஹ் தொழுவோர்க்கு மேலும் 40 ஸுஜூதுகள். ஒவ்வொரு ஸுஜூதுக்கும் முழங்கால் மடங்கியாக வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் அது நிமிர்ந்தாக வேண்டும். ஆகவேதான் முழங்கால் வலி நம் சமுதாயத்திற்கு வெறும் உடல் நோயாக மட்டும் தோன்றுவதில்லை. இறைவனின் திருமுன் நிற்கும் நம் நிலையையே தொடுகின்ற துயராகத் தோன்றுகிறது.

பள்ளிவாசல்களின் தொழுகை வரிசைகளில் நாற்காலிகள் பெருகி வருவதை நாம் காண்கிறோம். கண்ணுக்குத் தெரியாத வலியோ இல்லங்களுக்குள்ளே இருக்கிறது. அரிவாள்மணையின் முன் குந்தி அமர்ந்தும், படியேறி மாடிக்குத் துணி சுமந்தும், பத்துப் பேருக்குச் சமைத்தும் தேய்ந்த தாய்மார்களின் முழங்கால்களை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 52 கோடியே 80 இலட்சம் மக்கள் மூட்டுத் தேய்வு நோயுடன் வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர் பெண்கள்.

இந்நோயைக் குறித்து நம்மவரிடையே மூன்று தவறான போக்குகள் நிலவுகின்றன. ஒரு சாரார், "இது வயோதிகம், அல்லாஹ்வின் நாட்டம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாளாவிருக்கிறார்கள். ஒரு சாரார், முதல் வலி தோன்றியதுமே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துவிடுகிறார்கள். அதன் பின் எழுவதே இல்லை. மற்றொரு சாரார், அறுவை ஒன்றே வழியென்று அஞ்சி, அந்த அச்சத்தால் கண்ட பொடியையும் கண்ட ஊசியையும் நாடுகிறார்கள். இம்மூன்றும் சரியான வழிகள் அல்ல. மூட்டு இறைவன் தந்த அமானிதம். அதில் வலி வந்தால் அதைப் பேணும் கடமை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. பேணும் வழியோ, பெரும்பாலோர்க்குக் கத்தியில் தொடங்குவதில்லை, நாற்காலியிலும் தொடங்குவதில்லை. தொடையின் தசையை வலுப்படுத்துவதிலும் உடலின் பாரத்தைக் குறைப்பதிலும் தொடங்குகிறது. இதுவே இக்கட்டுரையின் கருத்து.

பொறுமை என்பது எது?

ஸப்ரு எனும் பொறுமை மௌனம் அன்று. தம் எலும்புகள் பலவீனமடைந்துவிட்டன, தலை நரைத்துவிட்டது என்று நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தம் இறைவனிடம் முறையிட்டதைத் திருக்குர்ஆனின் மர்யம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. பொறுமைக்கே இலக்கணமான நபி ஐயூப் (அலை) அவர்களும் தம்மைத் துன்பம் தீண்டிவிட்டதை இறைவனிடம் சொன்னவர்களே. வலியைச் சொல்வது பொறுமைக்கு மாறு என்றால் இந்த நபிமார்களின் வரலாற்றை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்வது?

மருந்து செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபிகள் சிலர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். செய்துகொள்ளுமாறு பணித்த நபியவர்கள், அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய நிவாரணத்தை வைக்காமல் வைக்கவில்லை, ஒன்றைத் தவிர என்றார்கள். அந்த ஒன்று எது என்று கேட்டபோது, முதுமை என்று விடையளித்தார்கள். உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது.

இதைக் கேட்டதும் சிலர், "முழங்கால் தேய்வது முதுமையால்தானே? முதுமைக்குத்தான் மருந்தில்லையே?" என்று வாதிடுகிறார்கள். இவ்வாதம் பிழையானது. முதுமைக்கு மருந்தில்லை; உண்மை. நாற்பது வயதின் முழங்காலை எழுபது வயதில் எவராலும் மீட்டுத் தர இயலாது. ஆனால் முதுமை வேறு, முதுமையில் வரும் நோய் வேறு. கண்ணில் புரை விழுந்தால் முதுமை என்று விட்டுவிடுகிறோமா? முதியவரின் தசையும் பயிற்சியால் வலுப்பெறும். முதியவரின் எடையும் உணவுக் கட்டுப்பாட்டால் குறையும். முதியவரின் வலியும் தணியும். தணிக்கக் கூடியதைத் தணிக்காமல் விட்டுவிட்டு அதைத் தக்தீரின் மேல் சுமத்துவது முறையாகாது.

நோயை முதலில் அறிக

முழங்கால் வலி அனைத்தும் ஒரே நோயன்று. முதியவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது மூட்டுத் தேய்வு. எலும்புகளின் முனைகளை மெத்தைபோல் மூடியிருக்கும் குருத்தெலும்பு நாளடைவில் நலிகிறது. மூட்டைச் சுற்றியுள்ள எலும்பும் சவ்வும் தசையும் மாறுதல் அடைகின்றன. படி இறங்கும்போதும் நெடுநேரம் அமர்ந்து எழும்போதும் வலிக்கும். காலையில் சில நிமிடங்கள் விறைத்திருந்து பின் இளகும்.

முடக்குவாதம் என்பது வேறு. அதில் உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்குகிறது. இரு கைகளின் விரல் மூட்டுகளும் வீங்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்திற்கும் மேல் நீடிக்கும். இதற்குக் காலம் தாழ்த்தாமல் மூட்டு நோய் மருத்துவரை நாட வேண்டும். தாமதித்தால் மூட்டுகள் உருக்குலையும், விரைந்து மருந்துண்டால் காக்கலாம். யூரிக் அமிலம் மிகுந்து கால் பெருவிரலில் திடீரெனத் தீப்போல் வலியெடுப்பது மற்றொரு வகை. இதற்கு யூனானி மருத்துவர்கள் நெடுங்காலமாக ஸூரஞ்சான் என்னும் கிழங்கைக் கையாண்டார்கள். அவ்வினத் தாவரத்திலிருந்து 1820ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்ட கால்ச்சிசின் என்னும் மருந்தை இன்றைய மருத்துவர்களும் தருகிறார்கள்.

காய்ச்சலுடன் முழங்கால் சிவந்து சூடாக வீங்கினாலோ, விழுந்தபின் காலை ஊன்ற முடியாமற் போனாலோ அன்றைய தினமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அவை கட்டுரை படித்துத் தீர்க்கும் நோய்கள் அல்ல. நாம் இங்கே பேசுவது பெருவழக்கான மூட்டுத் தேய்வைப் பற்றியே.

கத்தியில்லா மருத்துவம்

மூட்டுத் தேய்வுக்கு இன்று உலகெங்கும் மருத்துவக் குழுக்கள் முதற்கண் பரிந்துரைப்பவை மூன்று: நோயைப் பற்றிய தெளிவு, உடற்பயிற்சி, மிகை எடையைக் குறைத்தல். மாத்திரையும் ஊசியும் இவற்றுக்குப் பின்னரே வருகின்றன.

"வலிக்கும் காலை அசைத்தால் இன்னும் தேயாதா?" என்று கேட்பீர்கள். இவ்வச்சமே பலரை முடமாக்குகிறது. குருத்தெலும்பினுள் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போது அழுந்தியும் தளர்ந்தும், சூழ்ந்துள்ள நீரிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. அசையாத மூட்டு விறைக்கும். உழைக்காத தொடை மெலியும். மெலிந்த தொடை தாங்காத பாரமெல்லாம் முழங்காலின் மேல் இறங்கும். வலிக்கு அஞ்சி அமர்வதால் வலி வளர்கிறது.

இதற்குப் பெரும் பொருள் எதுவும் தேவையில்லை. கெட்டியான நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து விநாடி நிறுத்தி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. கட்டிலில் மல்லாந்து படுத்து, ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு, மற்றக் காலை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்தி இறக்குங்கள். பின்னர் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, மெல்ல அமருங்கள். தொடக்கத்தில் ஐந்து முறை போதும். இவற்றோடு சமதரையில் நாள்தோறும் நடை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மேட்டிலிருந்து இறங்குபவரைப் போல உறுதியுடன் நடப்பார்கள் என்று அலி (ரலி) அவர்கள் வருணித்திருப்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

பயிற்சியின்போது சிறிது வலித்தால் அஞ்ச வேண்டாம். மறுநாளும் வலி மிகுந்து நீடித்தால் அளவைக் குறையுங்கள். ஒரு வாரத்தில் பலன் தேடாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் விடாமல் செய்த பின்னரே மதிப்பிடுங்கள். அமல்களுள் அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானது, குறைவாயினும் நிலையாகச் செய்யப்படுவதே என்னும் நபிமொழியை நாம் அறிவோம். முழங்கால் மருத்துவத்திற்கும் அதே விதிதான். ஒவ்வொரு வக்துத் தொழுகையும் துஆவும் முடிந்தபின் பத்து முறை காலை நீட்டி இறக்குவதெனப் பழகிவிட்டால், மறதிக்கு இடமேயில்லை. நாளைக்கு ஐம்பது முறை ஆகிவிடுகிறது.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தொழுகையே ஓர் உடற்பயிற்சி, வேறு பயிற்சி எதற்கு என்று மேடைகளில் முழங்குவோர் உளர். தொழுகை வணக்கம். அதனால் உடலுக்கும் நலம் விளையலாம். ஆயினும் அது அதற்காக விதிக்கப்பட்டதன்று. தொழுகையைப் பயிற்சியெனச் சொல்லிப் பயிற்சியையும் விட்டு, பின்னர் முழங்கால் கெட்டுத் தொழுகையின் நிலையையும் இருப்பையும் இழப்பது எவ்வளவு பெரிய நட்டம்!

கைத்தடியைப் பிடிக்க நாணுவோரும் உண்டு. வலக்கையில் இருப்பது யாது என்று இறைவன் வினவியபோது, மூஸா (அலை) அவர்கள் அது தம் கைத்தடி என்று கூறி, அதன் பயன்களுள் முதலாவதாகச் சொன்னது அதன்மீது ஊன்றிக்கொள்வேன் என்பதையே. நபி ஒருவர் ஊன்றிய கோலை நாம் பிடிக்க வெட்கமேன்? வலக்கால் வலித்தால் இடக்கையிலும், இடக்கால் வலித்தால் வலக்கையிலும் அதைப் பிடியுங்கள்; அப்போதுதான் பாரம் குறையும்.

வயிற்றின் பாரம்

உடலில் ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஐந்து கிலோ குறைத்தவரின் முழங்கால் ஒவ்வோர் அடியிலும் இருபது கிலோ மூட்டையை இறக்கி வைக்கிறது. நாளைக்கு எத்தனை ஆயிரம் அடிகள் நடக்கிறோம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

வயிற்றைவிடத் தீய பாத்திரம் எதையும் மனிதன் நிரப்புவதில்லை என்றும், நிரப்பித்தான் ஆக வேண்டுமெனில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்றும் அண்ணலார் அறிவுறுத்தியிருக்கிறார்கள். நம் விருந்துகளையோ பாருங்கள். வலீமா பிரியாணியில் சகனைச் சுற்றி அமர்ந்தவர்கள் எழுவதற்கு இருவர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. உடலையும் உள்ளத்தையும் இலேசாக்க வந்த ரமளானில் வாடையும் சமோசாவையும் சர்பத்தையும் அள்ளி உண்டு, பெருநாளன்று எடை கூடி நிற்போர் எத்தனை பேர்! வாரத்தில் திங்களும் வியாழனும் ஸுன்னத்தான நோன்பு நோற்று, நோன்பு திறக்கையில் அளவோடு உண்ணும் பழக்கம், உடல் இடங்கொடுப்போர்க்கு மறுமைக்கும் நன்மை, முழங்காலுக்கும் நன்மை. சர்க்கரை நோய்க்கு மருந்துண்போர் மட்டும் மருத்துவரைக் கேட்டே நோற்க வேண்டும்.

ஏமாற்றும் குறுக்குவழிகள்

வலியைத் தணிக்க மேலே தடவும் களிம்புகள் முழங்காலுக்குப் பயன் தரக் கூடியவை. வயிற்றுக்குத் தீங்கு குறைந்தவை. வெந்நீர் ஒத்தடமும் இதமான எண்ணெய்த் தடவலும் தடையல்ல. ஆனால் வலிமாத்திரைகளைக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் கேட்டையும் உண்டாக்கும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்க்கு இடர் இன்னும் மிகுதி.

"பக்க விளைவே இல்லாத மூலிகைப் பொடி, மூன்றே நாளில் நிவாரணம்" என்று விற்கப்படுபவற்றை ஐயுறுங்கள். அத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கள்ளத்தனமாகக் கலக்கப்பட்டிருந்தது பரிசோதனைகளில் தெரிய வந்திருக்கிறது. மூன்று நாளில் வலி பறந்ததற்குக் காரணம் அதுவே. பின்னர் சர்க்கரை ஏறுவதற்கும் எலும்பு நொறுங்குவதற்கும் காரணமும் அதுவே. பொடியின் டப்பாவில் பிறையையும் திருவசனத்தையும் அச்சிட்டுவிட்டால் உள்ளே இருப்பது தூய்மையாகிவிடுமா?

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கலாம். ஆயினும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையென ஈராண்டுகள் தொடர்ந்து போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலி குறைந்தபாடில்லை. குருத்தெலும்போ கூடுதலாகத் தேய்ந்திருந்தது.

ஹிஜாமா எனும் இரத்தம் குத்தி எடுத்தலும் கருஞ்சீரகமும் நபிமொழிகளில் இடம்பெற்றவை. அவற்றை நாம் கண்ணியப்படுத்துகிறோம். தூய கருவியோடு தேர்ந்தவர் செய்யும் ஹிஜாமாவால் சிலருக்கு வலி தணியக் கூடும். ஆனால் அவற்றைச் செய்துவிட்டோம் என்று எடையையும் பயிற்சியையும் கைவிடுவது ஸுன்னத்தின் பெயரால் சோம்பலை வளர்ப்பதாகும். இரத்தம் உறையாமைக்கு மருந்துண்போரும் சர்க்கரை நோயாளரும் மருத்துவரைக் கேளாமல் ஹிஜாமா செய்துகொள்ளலாகாது.

தொழுகையும் நாற்காலியும்

இனி, நம் இல்லங்களை மிகவும் வாட்டும் வினாவுக்கு வருவோம். வலிக்கும் காலோடு எவ்வாறு தொழுவது?

மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் இதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நின்று தொழ வேண்டும், இயலாவிடில் அமர்ந்து, அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்து என்று அண்ணலார் வழிகாட்டியது புகாரியில் உள்ளது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் தொழுகையின் இருப்பில் சம்மணமிட்டு அமர்வதைக் கண்ட அவர்களின் மகனார், தாமும் அவ்வாறே அமர்ந்தார். தந்தையார் தடுத்து, வலப் பாதத்தை நட்டு இடக் காலை மடித்து அமர்வதே ஸுன்னத் என்றார்கள். தாங்கள் இப்படி அமர்கிறீர்களே என்று மகனார் கேட்டபோது, தம் கால்கள் தம்மைத் தாங்குவதில்லை என்று விடை பகர்ந்தார்கள்.

இந்நிகழ்ச்சியில் நமக்கு இரு பாடங்கள் உள. நபிவழியை இம்மியும் பிசகாமல் பின்பற்றியவர் எனப் புகழ்பெற்ற ஸஹாபியே கால் வலியால் தம் இருப்பை மாற்றிக்கொண்டார். ஆதலின் நோயாளி வெட்கவும் வேண்டாம், அவரை யாரும் பழிக்கவும் வேண்டாம். அதே வேளையில் காலில் வலுவுள்ள இளைஞருக்கு அச்சலுகையை அவர் வழங்கவில்லை.

சலுகையின் அளவும் அறியத்தக்கது. ஸுஜூது செய்ய இயலாமல் நிற்க மட்டும் இயலுபவர், ஷாபிஈ மத்ஹபில் நிலையையும் ருகூஉவையும் நின்றே நிறைவேற்றி, ஸுஜூதுக்கு மட்டும் அமர்ந்து சைகை செய்ய வேண்டும். ஹனபி மத்ஹபில் அவருக்கு நிற்கும் கடமை நீங்கிவிடுகிறது. அமர்ந்து சைகையால் தொழலாம். தரையில் அமர இயலுபவர் தரையிலேயே அமர்வது சிறந்தது. அமர்ந்து எழுவதே முழங்காலுக்குத் துன்பமெனில் நாற்காலியில் அமர்வதில் குற்றமில்லை. உங்கள் நிலைக்குரிய சட்டத்தை உங்கள் மத்ஹபின் ஆலிமிடமும், உங்கள் காலின் நிலையை நம்பத்தக்க மருத்துவரிடமும் கேட்டுத் தெளியுங்கள். ஒருவர் மற்றவரின் வேலையைச் செய்யலாகாது.

கேளாமல் தீர்ப்பளிப்பதன் தீங்கை ஒரு நிகழ்ச்சி உணர்த்துகிறது. பயணமொன்றில் தலையில் காயம்பட்டிருந்த தோழர் ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களைக் கேட்டார், இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த கருணை நபி (ஸல்) அவர்கள், அவரை அவர்களே கொன்றுவிட்டார்கள் என்று கடிந்து, அறியாமை என்னும் நோய்க்கு மருந்து கேட்டறிவதே என்றார்கள். "வலித்தாலும் பரவாயில்லை, மண்டியிட்டே ஆக வேண்டும்" என்று தாயைக் கட்டாயப்படுத்தும் மகன் இதை எண்ணிப் பார்க்கட்டும். நாற்காலியில் அமர்ந்தால் நன்மை குறைந்துவிடுமோ என்று கண்ணீர் வடிக்கும் தாயும் இதைக் கேட்கட்டும்: அடியான் நோயுற்றால், அவன் நலமாயிருந்தபோது செய்துவந்த அமலுக்குரிய நன்மையே அவனுக்கு எழுதப்படுகிறது என்பது ஸஹீஹான நபிமொழி.

ஆனால் நாற்காலி சலுகையேயன்றி மருந்தன்று. அதில் அமர்ந்து தொழுபவர், தொழுகைக்கு வெளியே காலுக்குரிய பயிற்சியைக் கைவிட்டால் இன்று ஸுஜூதை இழந்தவர் நாளை நிலையையும் இழப்பார். அமர்ந்து தொழும் ஒவ்வொருவரும், மீண்டும் நின்று தொழும் நாளை நாடி உழைப்பதே அச்சலுகைக்குச் செய்யும் நன்றி.

கத்தி எப்போது?

கடைசி மருந்து சூடு என்பது அரபிகளின் பழமொழி. குர்துபாவின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்) அவர்கள் இயற்றிய அத்தஸ்ரீப் என்னும் மருத்துவப் பெருநூல் 30 பாகங்கள் கொண்டது. அறுவைக்குரிய பாகம் அதில் இறுதியானது. கத்தியில் கைதேர்ந்தவரே கத்தியை இறுதியில் வைத்தார்.

முழங்காலில் துளையிட்டுக் கழுவிச் சுரண்டும் சிகிச்சையை, தோலை மட்டும் கீறித் தைத்த போலி அறுவையுடன் ஒப்பிட்ட ஆய்வு 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியாயிற்று. தேய்வு நோயாளர்களுக்கு உண்மையான அறுவை, போலி அறுவையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. மூட்டு மாற்று அறுவையோ அவ்வாறன்று. தக்கவர்க்கு அது பெரும் பலன் தருகிறது. டென்மார்க்கில் நடந்து 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், மூட்டு மாற்றத்திற்குத் தகுதியான 100 நோயாளர்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். அறுவை செய்துகொண்டு பயிற்சியும் பெற்ற 50 பேருக்கு வலி மிகுதியாகக் குறைந்தது. கடும் பக்க விளைவுகளும் அவர்களுக்கே மிகுதி. பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு முதலிய அறுவையில்லாச் சிகிச்சை மட்டும் பெற்ற 50 பேரில், ஓராண்டுக்குள் அறுவைக்குச் சென்றவர் 13 பேரே. மற்றவர்கள் அவ்வாண்டைக் கத்தியின்றிக் கடந்தார்கள்.

நம்மவர் அறிய வேண்டிய மற்றொன்றும் உண்டு. மாற்று மூட்டு பொருத்தியபின் முழங்கால் பெரும்பாலும் 110 முதல் 120 பாகை வரையே மடங்கும். அத்தஹிய்யாத் இருப்புக்கோ அதனினும் மிகுதியாக மடங்க வேண்டும். ஆகவே அறுவைக்குப் பின்னும் பலர் நாற்காலியிலேயே தொழ நேரிடுகிறது. "ஸுஜூது செய்வதற்காகவே அறுவை" என்று எண்ணுவோர் மருத்துவரிடம் இதை முன்னரே கேட்டறிக. எனினும் முறையாகப் பயின்றும் எடை குறைத்தும் மருந்துண்டும், உறக்கம் கெடும் அளவுக்கு வலி நீடித்து, வீட்டுக்குள் நடப்பதே அரிதாகுமாயின், அறுவையை மறுப்பது தவக்குலும் அன்று, தைரியமும் அன்று. அதுவும் அல்லாஹ் அருளிய நிவாரணங்களுள் ஒன்றே.

ஜமாஅத்துகளும் பிள்ளைகளும்

பள்ளிவாசலின் மினாராவை உயர்த்த நிதி திரட்டும் ஜமாஅத்துகள், ஒளூச் செய்யும் இடத்தில் முதியோர் அமர்வதற்கேற்ற உயரமான இருக்கைகளை அமைத்தால் என்ன? படிக்கட்டின் ஓரம் ஒரு பிடிகம்பி, குந்தி அமர வேண்டாத ஒரு கழிப்பறை, வழுக்காத தரை. இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது தர்மம் எனில், முதியவரின் கால் வழுக்கும் தரையைச் சீராக்குவது தர்மமன்றோ?

பிள்ளைகளே! உம்மா வலியைச் சொல்லமாட்டார். சுவரைப் பிடித்து எழுவதைக் கண்டு நீங்களே அறிந்துகொள்ள வேண்டும். சமையற்கட்டில் நின்று காய் நறுக்க ஒரு மேடையும், இளைப்பாற ஓர் உயர்ந்த இருக்கையும் அமைத்துக் கொடுங்கள். ஊசிக்கும் பொடிக்கும் பணம் அனுப்புவதோடு கடமை தீர்ந்ததென எண்ணாமல், மாலையில் அவரோடு கால் மணி நேரம் நடந்து வாருங்கள். வாப்பாவின் பயிற்சியை எண்ணிச் சொல்லப் பேரனை அமர்த்துங்கள். நாற்பதைக் கடந்தவர்களே! முழங்கால் இன்னும் வலிக்காத உங்களுக்கே இக்கட்டுரை முதலில் உரியது. நோய் வருமுன் உடல் நலத்தைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு நமக்கு அறிவுறுத்தப்பட்டிருக்கிறதன்றோ?

உடலுக்கு உம்மீது உரிமை உண்டு என்று இடைவிடா வணக்கத்தில் மூழ்கிய தம் இளம் தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். அவ்வுரிமையைப் பேணுவோம். நடக்கும் கால்களுக்கு நன்றியையும், நலிந்த கால்களுக்கு நிவாரணத்தையும், நிற்க இயலாதவரின் அமர்ந்த தொழுகைக்கு நிறைந்த நற்கூலியையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.